ஊசி போட்டும் நோய் வந்ததேன்?

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார விளக்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தலைப்பைத் தேடி அலைய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சந்தையிலும், பஸ் தரிப்பிலும், செத்த வீட்டுப் பந்தலிலும் மக்கள் கேட்கும் கேள்வியையே தலைப்பாக வைத்துக்கொண்டேன். "இரண்டு ஊசியும் போட்டேன், மூன்றாவதும் போட்டேன், அதன் பின்னும் கொறோனா வந்ததுதானே? அப்படியானால் அந்த ஊசியால் என்ன பயன்?" என்று ஒருவர் கேட்கிறார். "சீன ஊசி போட்டதால்தான் உமக்கு வந்தது; அமெரிக்க ஊசி போட்டிருந்தால் வந்திராது" என்று அருகிலிருப்பவர் விடை கூறுகிறார். வேறொருவர், "எல்லா ஊசியும் ஒன்றுதான்; எல்லாம் வியாபாரம்" என்று சொல்லி வெற்றிலையை மடித்துக்கொள்கிறார்.

உலக சுகாதார தாபனம் கொறோனா பற்றிய அவசர நிலை முடிவுற்றதென 2023 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி அறிவித்தது. நோய் அன்றோடு உலகைவிட்டுப் போய்விடவில்லை. பயம் மட்டும் தணிந்தது. பயம் தணிந்த காலமே அமைதியாகச் சிந்திப்பதற்கு ஏற்ற காலம். மேலே நான் கூறிய கேள்விகள் பரிகசிக்கத்தக்கவை அல்ல, நியாயமானவை. நியாயமான கேள்விக்கு நியாயமான விடை கிடையாவிட்டால், அவ்விடத்தில் வதந்தி வந்து குடியேறும். "கொறோனா ஊசி பயன்படவில்லை" என்னும் பேச்சு, "பிள்ளைக்குப் போடும் ஊசியும் வேண்டாம்" என்னும் பேச்சாக மாறுவதற்கு நெடுங்காலம் செல்லாது. ஆகையால், இவ்விஷயத்தை அடியிலிருந்து ஆராய்வோம்.

முதலாவதாக, ஊசி போட்ட பின் நோய் வருவது கொறோனாவோடு புதிதாகத் தோன்றிய சங்கதியன்று. தடுப்பு முறை எவ்வளவு பழையதோ, இதுவும் ஏறக்குறைய அவ்வளவு பழையது. 1796 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆந் திகதி இங்கிலாந்தில் எட்வேர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றினார். நம் முன்னோர் அம்மைப்பால் என்று வழங்கிய தடுப்பு முறை அதிலிருந்து பிறந்தது. 1802 ஆம் ஆண்டிலேயே அது இலங்கைக்கும் வந்துவிட்டது. ஒருமுறை பால் ஏற்றினால் ஆயுள் முழுவதற்கும் போதும் என்றே ஜென்னர் நம்பினார். ஆனால் சில பத்தாண்டுகள் கழிந்ததும், பால் ஏற்றிய தழும்பு கையிலிருக்கவே பலருக்கு அம்மை கண்டது.

அன்றைக்கும் மக்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வைத்தியர்களோ நோயாளரை உற்று நோக்கினார்கள். பால் ஏற்றியவர்க்கு வந்த அம்மை பெரும்பாலும் இலேசாக வந்து போயிற்று. ஏற்றாதவர்க்கு வந்த அம்மை உயிரைக் கொண்டு போயிற்று. அல்லது கண்ணைக் கெடுத்தது. காவல் அழிந்துவிடவில்லை, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்திருக்கிறது என்று அறிந்தார்கள். அறிந்து, மறுமுறையும் பால் ஏற்றும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். ஜெர்மனி நாடு 1874 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், குழந்தைப் பருவத்தில் ஒருமுறையும் பன்னிரண்டாம் வயதளவில் மறுமுறையும் ஏற்றவேண்டும் என விதித்தது. இவ்வாறு தொடர்ந்த முயற்சியின் பயனாகப் பெரியம்மை பூமியிலிருந்தே ஒழிந்ததென 1980 ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் அறிவித்தது. "பால் ஏற்றியும் அம்மை வந்ததே" என்று சொல்லி அன்றைக்கே அதனைக் கைவிட்டிருந்தால், இச்சபையில் இன்று எத்தனை முகங்களில் அம்மைத் தழும்பு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, ஊசி நம் உடம்பினுள்ளே செய்வது யாது என்பதைப் பார்ப்போம். நம்மூர் வளவொன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிவரக் கிடுகு வேலி; தெருவோரத்தில் படலை; நடுவிலே வீடு; வீட்டினுள்ளே நகைப் பெட்டகம் இருக்கும் அறை. கொறோனா வைரசு என்னும் கள்வன் நுழையும் படலை, நமது மூக்கும் தொண்டையும். அவன் கொள்ளையிட்டால் நமக்கு உயிராபத்து விளையும் உள்ளறை, சுவாசப்பை.

கையிலே போடும் ஊசி மூவகைக் காவலரை ஆயத்தம் செய்கிறது. முதலாம் வகையினர் பிறபொருளெதிரிகள். இவை இரத்தத்திலே மிதந்து திரிந்து, வைரசைக் கண்டவுடன் பற்றிக்கொள்வன. இரண்டாம் வகையினர் ஞாபகக் கலங்கள். இவை வைரசின் அடையாளத்தை மறவாது வைத்திருந்து, அது மறுபடியும் வந்தால் புதிய பிறபொருளெதிரிகளைப் பெருந்தொகையாக உண்டாக்குவன. மூன்றாம் வகையினர், வைரசு புகுந்துவிட்ட கலங்களைத் தேடி அழிப்பவை.

இக்காவலரிற் பெரும்பாலோர் நிற்பது வீட்டுக்குள்ளேயன்றிப் படலையில் அன்று. ஊசி போட்ட முதல் சில மாதங்களில் இரத்தத்திலே பிறபொருளெதிரிகள் நிரம்பி வழிவதால், அவற்றுட் சில மூக்கு வரையும் வந்து காவல் செய்யும். அக்காலத்தில் கள்வன் படலையைத் தாண்டுவதே அரிது. மாதங்கள் செல்ல அவற்றின் தொகை குறையும். பகைவன் இல்லாத காலத்திலும் பெரும்படையை நிறுத்தி வைத்துச் சோறு போடுவது உடம்புக்கு இயலாத காரியம். அப்போது கள்வன் படலையைத் திறந்து முற்றத்துக்கு வந்துவிடுகிறான். தடிமன், தொண்டை நோ, காய்ச்சல், உடம்பு உளைவு எல்லாம் உண்டாகின்றன. இதைத்தான் நாம் "ஊசி போட்டும் வந்தது" என்கிறோம். ஆனால் அவன் முற்றத்திலிருந்து உள்ளறைக்குப் போவதற்குச் சில நாட்கள் செல்லும். அந்நாட்களுக்குள் ஞாபகக் கலங்கள் விழித்துப் படை திரட்டிவிடுகின்றன. பெட்டகம் தப்புகிறது. நோயாளி ஒட்சிசன் இல்லாமலே எழுந்து நடமாடுகிறார்.

"அப்படியானால் சின்னமுத்து ஊசி மாத்திரம் எவ்வாறு நோயையே வரவொட்டாமல் தடுக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சின்னமுத்து வைரசு உடம்பினுட் புகுந்து நோயாக வெளிப்படுவதற்கு ஏறக்குறையப் பத்து நாட்கள் பிடிக்கும்; அதற்குள் ஞாபகக் கலங்கள் தம் வேலையை முடித்துவிடும். கொறோனாவின் ஒமிக்ரோன் வகையோ மூன்று நாளளவில் நோயாக வெளிப்படுகிறது. மேலும், சின்னமுத்து வைரசு தன் கோலத்தை மாற்றுவதில்லை. கொறோனா வைரசோ ஆண்டுக்கொரு வேடம் புனைந்து வருகிறது. இரண்டு நோய்களின் இயல்பு வேறாதலால், ஊசிகளின் பலனும் வேறாகிறது.

அடுத்ததாக, கணக்கைப் பற்றிப் பேசவேண்டும். தவறான முடிவுக்கு மக்கள் பெரும்பாலும் வருவது கணக்கினாலேதான். "ஆஸ்பத்திரியிற் கிடப்பவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டவர்கள், எனவே ஊசி பயனற்றது" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணாதீர்கள். அவர் சொல்லும் தொகை உண்மையாயிருக்கலாம். அதிலிருந்து அவர் பெறும் முடிவே பிழை. எங்ஙனம் எனின், ஒரு கணக்குச் செய்து காட்டுகிறேன்.

ஒரு கிராமத்தில் 1,000 பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 900 பேர் ஊசி போட்டவர். 100 பேர் போடாதவர். ஊசி போடாத 100 பேரில் 10 பேருக்கு நோய் கடுமையாகி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி கடும் நோயை 80 வீதம் தடுக்குமாயின், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 2 பேரே ஆஸ்பத்திரிக்குப் போவர். அப்படியானால் 900 பேரில் 18 பேர். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் எண்ணுங்கள். மொத்தம் 28 நோயாளர்; அவர்களுள் 18 பேர் ஊசி போட்டவர்; நூற்றுக்கு 64 வீதம்! "பார்த்தீர்களா, பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்" என்று கூவலாம். ஆனால் ஊசியே இல்லாதிருந்தால் அக்கிராமத்திலிருந்து 100 பேர் வந்திருப்பர். கட்டிலில் கிடக்கும் 28 பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வராமல் வீட்டிலிருக்கும் 72 பேர் தெரிவதில்லை. ஊர் முழுவதும் ஊசி போட்டிருந்தால் 20 பேரே வந்திருப்பர். அந்த 20 பேரும் ஊசி போட்டவராகவே இருந்திருப்பர். நூற்றுக்கு நூறு! ஆனால் அதுவன்றோ யாவற்றினும் நல்ல நிலை?

இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்மைப் போன்ற ஒரு தீவு நாட்டில் நடந்ததை நோக்குவோம். இந்து சமுத்திரத்திலே சீசெல்ஸ் என்னும் சிறு நாடு உண்டு. சனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவு. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகிலே ஊசி போட்டவர் விகிதத்தில் அந்நாடே முன்னின்றது. மக்களில் நூற்றுக்கு 60 வீதத்தினர் இரண்டு ஊசியும் பெற்றிருந்தனர். அவர்களுள் ஐம்பத்தேழு வீதத்தினர் பெற்றது சீனாவின் சினோபாம். ஏனையோர் பெற்றது இந்தியாவில் ஆக்கிய கொவிஷீல்ட். அவ்வேளையிலேதான் அங்கே நோய் திடீரெனப் பெருகிற்று. புதிதாக நோய் கண்டவருள் 37 வீதத்தினர் இரண்டு ஊசியும் போட்டவர்கள் என அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்டது. உலகப் பத்திரிகைகள் பல, ஊசியின் பலனைப் பற்றி ஐயம் எழுப்பி எழுதின. ஆனால், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தவர்களிற் பெரும்பாலோர் ஊசியை முழுமையாகப் பெறாதவர்களே. படலையில் காவல் தளர்ந்தது உண்மை. உள்ளறையில் காவல் இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இனி, "எந்த ஊசி நல்லது?" என்னும் இரண்டாங் கேள்விக்கு வருவோம். பரிசோதனைகளில் கிடைத்த தொகைகளை முதலிற் சொல்கிறேன். பைசர் ஊசி 95 வீதம். மொடேர்னா 94 வீதம். ரஷ்யாவின் ஸ்புட்னிக் ஏறக்குறைய 92 வீதம். சினோபாம் 78 வீதம். அஸ்ட்ராசெனெகா, அதாவது கொவிஷீல்ட், முதல் அறிக்கையில் 70 வீதம். இத்தொகைகளைப் பரீட்சைப் புள்ளிகளைப் போல வரிசைப்படுத்தி, "முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை" என்று மக்கள் கொண்டார்கள். அது முழுவதும் சரியன்று. ஏன்?

95 வீதம் என்றால், ஊசி போட்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்பது பொருளன்று. பைசர் பரிசோதனையில், ஊசி பெற்றோர் 18,000 பேர், வெறும் உப்புநீர் பெற்றோர் 18,000 பேர் என்ற அளவில் கணக்கிட்டனர். உப்புநீர் பெற்றவருள் 162 பேருக்கு நோய் வந்தது. ஊசி பெற்றவருள் 8 பேருக்கு வந்தது. 162 வரவேண்டிய இடத்தில் 8 வந்தது. 95 வீதம் குறைந்தது. இதுவே அத்தொகையின் பொருள். அது இரு கூட்டத்தினரை ஒப்பிட்டுப் பெறும் தொகை. ஆகவே ஒப்பிட்ட காலம், இடம், நோயின் வகை, எண்ணிய முறை ஆகியவற்றால் தொகை மாறும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். சீனாவின் சினோவாக் என்னும் ஊசி பிரேசிலில் 51 வீதம் எனவும், துருக்கியில் 83 வீதம் எனவும் கணக்கிடப்பட்டது. ஒரே ஊசி! பிரேசிலிலே நோயாளரோடு இரவு பகலாகப் பழகும் வைத்தியசாலை ஊழியரிடையே பரிசோதனை நடந்தது. மிக இலேசான தடிமனையும் நோயென்று எண்ணினார்கள். ஊசியின் குணம் நாட்டுக்கு நாடு மாறிவிடவில்லை. அளந்த கோலே மாறிற்று. அஸ்ட்ராசெனெகா ஊசியில் இன்னுமொரு புதுமை உண்டு. இரண்டு ஊசிகளுக்குமிடையே ஆறு வாரத்துக்குக் குறைவாக இடைவெளி விட்டவர்க்குப் பலன் 55 வீதம்; பன்னிரண்டு வாரமும் அதற்கு மேலும் விட்டவர்க்கு 81 வீதம். மருந்து ஒன்றே, கால இடைவெளியே வேறு.

இவ்வாறு கூறுவதால், எல்லா ஊசியும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. வேற்றுமை உண்டு. டெல்டா வகை இங்கிலாந்தில் பரவியபோது கணக்கெடுத்ததில், இரண்டு பைசர் ஊசி பெற்றவர்க்கு நோய் வராது காக்கும் பலன் 88 வீதமாகவும், இரண்டு அஸ்ட்ராசெனெகா பெற்றவர்க்கு 67 வீதமாகவும் இருந்தன. ஒரே ஊசியோடு நின்றவர்க்கு, எந்த ஊசியானாலும், பலன் மூன்றிலொரு பங்கு அளவே. முதலாம் இரண்டாம் ஊசிகளுக்கிடையிலுள்ள வேற்றுமை, ஒரு கம்பனிக்கும் மற்றைக் கம்பனிக்குமிடையிலுள்ள வேற்றுமையிலும் பெரிது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இது நம் நாட்டு மக்களை நேரே தாக்கிய விஷயம். இந்தியா அனுப்பிய ஐந்து லட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் 2021 ஜனவரி 28 இல் இலங்கைக்கு வந்தன. மறுநாளே வைத்தியசாலை ஊழியர்க்குப் போடத் தொடங்கினர். சில மாதங்களில் இந்தியாவிலே நோய் காட்டுத்தீயாகப் பரவ, அங்கிருந்து ஊசி வருவது நின்றது. முதலாம் ஊசி பெற்ற ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் இரண்டாவதற்கு வழியின்றிக் காத்திருந்தனர். ஜூலை மாத முடிவிலே ஜப்பான் நாடு உதவிய அஸ்ட்ராசெனெகா வந்த பின்னரே அவர்களின் கவலை தீரத் தொடங்கிற்று. இதற்கிடையில் மே மாதம் தொடக்கம் சினோபாம் பெருந்தொகையாக வந்தது. யாழ்ப்பாணத்து மக்களிற் பெரும்பாலோர் பெற்றது அதுவே. பைசரும் மொடேர்னாவும் ஜூலை மாதத்திலே ஓரளவு வந்தன.

அக்காலத்தில் நம் இளைஞர் பலர், "சினோபாம் போட்டால் வெளிநாட்டில் ஏற்கமாட்டார்கள், பைசர் வரட்டும்" என்று காத்திருந்தார்கள். அவர்களை நான் முழுதும் குறைகூற மாட்டேன். சில நாடுகள் அவ்வாறே விதித்திருந்தன. ஆனால் நோய் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் டெல்டா வகை நாடெங்கும் பரவிற்று. நாளொன்றுக்கு இருநூறு பேர் வரையில் இறந்தனர். ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடே அடைக்கப்பட்டது. இறந்தவர்களில் மிகப் பலர் 60 வயதைக் கடந்தவர்; அவர்களுள்ளும் ஊசியை முழுமையாகப் பெறாதவரே அதிகம் எனச் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்ப எடுத்துக் கூறினர். தகப்பனுக்கு இன்று கிடைக்கும் ஊசியை விட்டு, நாளை வரக்கூடிய நல்ல ஊசிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. கையிலிருக்கும் குடை சிறிதாயினும், மழை பெய்யும்போது அதை விரிப்பவனே நனையாமல் வீடு சேர்வான்.

சினோபாம் ஊசி நம்மவர்க்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை நமது நாட்டவரே ஆராய்ந்தனர். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை நீலிகா மலவிகே அவர்களும் அவர் குழுவினரும் செய்த ஆராய்ச்சியில், இரண்டு சினோபாம் பெற்றவருள் ஏறக்குறைய 95 வீதத்தினரின் இரத்தத்திலே பிறபொருளெதிரிகள் உண்டாகியிருந்தமை தெரியவந்தது. அதே ஆராய்ச்சி, முதியவரிடத்தில் அவை இளைஞரிடத்திலும் குறைவாக உண்டாவதையும் காட்டிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழுவும், சினோபாம், சினோவாக் பெற்ற 60 வயதுக்கு மேற்பட்டோர்க்கு மூன்றாம் ஊசி தேவை என்று கூறிற்று. நமது நாட்டில் நவம்பர் தொடக்கம் பைசர் மூன்றாம் ஊசியாகப் போடப்பட்டது.

மூன்றாம் ஊசியின் அருமையை ஹொங்கொங் நகரம் உலகுக்குக் காட்டியது. இரண்டு ஆண்டுகளாக நோயை வாசலிலே மறித்து வைத்திருந்த அந்நகரத்துக்குள் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒமிக்ரோன் புகுந்தது. முதியோரிற் பெருந்தொகையானவர்கள், "இங்கேதான் நோயில்லையே" என்று ஊசி போடாமலே இருந்துவிட்டார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கான முதியோர் மாண்டனர். அங்கே சினோவாக், பைசர் என்னும் இரண்டு ஊசிகளும் பாவனையில் இருந்தமையால், ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே நோய்க்கு எதிராக இரண்டையும் ஒப்பிடும் வாய்ப்பு ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தது. 60 வயதுக்கு மேற்பட்டோரில், இரண்டு பைசர் பெற்றவர்க்குக் கடும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் கிடைத்த காவல் 89 வீதம். இரண்டு சினோவாக் பெற்றவர்க்கு 70 வீதம். வேற்றுமை தெளிவு. ஆனால் மூன்று ஊசி பெற்றவர்களைப் பார்த்தபோது, எந்த ஊசியானாலும் காவல் 98 வீதமளவுக்கு உயர்ந்தது. எந்த ஊசி என்ற கேள்வியின் கூர்மை, எத்தனை ஊசி என்ற கேள்வியின் முன்னே மழுங்கிப் போயிற்று.

ஒமிக்ரோன் வந்த பின், நோய் தொற்றாது காப்பதில் பைசரும் பெரிதாகப் பெருமை கொள்ள முடியவில்லை. இங்கிலாந்திலே கணக்கெடுத்ததில், இரண்டாம் ஊசி பெற்ற ஒரு மாதத்துக்குள் 65 வீதமாயிருந்த பலன், ஆறு மாதமளவில் 10 வீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்றாம் ஊசி அதை மறுபடி உயர்த்திற்று. பின்னர் அதுவும் மெல்லக் குறைந்தது. அமெரிக்க ஊசி போட்டால் நோயே வராது என்று பந்தலிலிருந்து சொன்னவருக்கு இதுவே விடை. ஆனால் கடும் நோய்க்கு எதிரான காவல் அவ்வளவு விரைவாகத் தேயவில்லை. படலை வேறு, உள்ளறை வேறு என்று நான் முன்னர்க் கூறியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியால் தீமையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அதை மறைப்பது மக்களை ஏமாற்றுவதாகும். அஸ்ட்ராசெனெகா ஊசியால் மிகச் சிலருக்கு இரத்தம் உறைந்து ஆபத்து நேர்ந்தது. இதனைக் கண்டறிந்ததும் பல நாடுகள் இளவயதினர்க்கு வேறு ஊசியைக் கொடுத்தன. 2024 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அவ்வூசி விலக்கிக்கொள்ளப்பட்டது. பைசர், மொடேர்னா ஊசிகளால் இளைஞர் சிலர்க்கு இருதயத் தசையில் அழற்சி உண்டாயிற்று; அவர்களிற் பெரும்பாலோர் குணமடைந்தனர். இவை அரியவை. நோயினால் வரும் ஆபத்தோ முதியவர்க்கும் சலரோகமுடையவர்க்கும் பன்மடங்கு பெரிது. 20 வயது இளைஞனுக்கும் 75 வயதுத் தாத்தாவுக்கும் தராசு ஒன்றே. தட்டுகளில் வைக்கும் பாரம் வேறு. அதை நிறுத்துச் சொல்லும் பொறுப்பு வைத்தியருடையது. கைத்தொலைபேசியில் வரும் செய்தியுடையதன்று.

ஊசி தொடங்கிய முதல் ஓராண்டில், அதாவது 2020 டிசம்பர் 8 முதல் 2021 டிசம்பர் 8 வரை, 185 நாடுகளில் ஏறக்குறைய ஒரு கோடியே 98 லட்சம் மரணங்கள் தவிர்க்கப்பட்டன என லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். இலங்கையின் சனத்தொகை இரண்டு கோடியைச் சற்றே கடந்தது. ஏறக்குறைய இலங்கை அளவான ஒரு சனத்திரள் சாவிலிருந்து தப்பியது என்று சொல்லலாம். அவர்கள் யார் என்று எவராலும் பெயர் சுட்ட முடியாது. இச்சபையிலும் சிலர் இருக்கலாம். "எனக்கு ஊசி போட்டும் வந்தது" என்று சொல்பவரே அவர்களுள் ஒருவராக இருக்கவும் கூடும்.

சங்கத்து இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சின்னமுத்து ஒழிந்த நாடென இலங்கை 2019 ஆம் ஆண்டில் சான்று பெற்றது. 2023 ஆம் ஆண்டில் அந்நோய் நம் நாட்டில் மறுபடியும் தலைகாட்டிற்று. ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் போடவேண்டிய ஊசிகளைத் தவறவிட்ட பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ, அங்கே அது புகும். கொறோனாக் காலத்துச் சலிப்பு, நமது பாட்டன் பாட்டிமார் பெரும்பாடுபட்டுப் பெற்ற இந்தக் காவலைத் தகர்க்க நாம் விடலாகாது. ஆகையால், உங்கள் ஒழுங்கையிலே பச்சைக் குழந்தையுள்ள வீடுகளுக்குப் போங்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தவறிய ஊசி இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அறிவியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனியே வாழும் முதியவர்கள் நம்மூரில் பலர். அவர்களுக்குக் காய்ச்சலும் இளைப்பும் கண்டால் நாள் கடத்தாது வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். உங்களுக்குத் தடிமன் இருந்தால், அவர்கள் வீட்டுக்கு அன்றைக்குப் போகாதிருங்கள். போகத்தான் வேண்டுமானால் முகக்கவசம் அணிந்து போங்கள்.

"ஊசி போட்டும் வந்ததுதானே?" என்று எவரேனும் கேட்டால், அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். "ஆம் ஐயா, வந்தது. வந்த நோய் உங்களை எந்த அளவில் விட்டுப் போயிற்று?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "மூன்று நாள் காய்ச்சல், பிறகு சுகம்" என்று அவர் சொல்வாராயின், அவரது கேள்விக்கு அவரே விடை கூறிவிட்டார்.